கொழும்பில் கையைக் கடிக்காமல் பான்ட்ரி கபேட் போட: முதல்முறை செய்பவர்களுக்கு

பான்ட்ரி கபேட், அதாவது குசினி அலுமாரி, போடக் கடைக்குள் நுழைந்ததும் உங்களுக்குக் காட்டுவது கதவைத்தான். பளபளக்கும் சிவப்பு, சாம்பல், மரக்கோடு என்று சுவர் முழுக்க மாட்டி வைத்திருப்பார்கள். காசில் பெரும்பகுதி போவதோ கதவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டிக்கு. நாலைந்து வருஷத்தில் சின்க்குக்குக் கீழே பலகை ஊதி, பிணைச்சல் கழன்று, கதவு சரிந்து தொங்கும்போது பழுதாகியிருப்பதும் அந்தப் பெட்டிதான். ஆகவே கையில் உள்ளது மட்டு மட்டான காசு என்றால் அதைப் பெட்டியிலும் பிணைச்சலிலும் போடுங்கள், கதவைச் சாதாரணமானதாக எடுங்கள். கதவைப் பிறகு எப்போதும் மாற்றலாம். பெட்டியை மாற்றுவதென்றால் மேலே உள்ள கிரனைட்டையே கழற்ற வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் பழைய தொடர்மாடி வீட்டுக் குசினியைத் திருத்தியபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஒரு கடை ஓடும் அடிக்கு, அதாவது சுவரோடு போகும் நீளத்துக்கு, விலை சொன்னது, இன்னொன்று சதுர அடிக்கு, வேறொன்று மொத்தமாக இவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதித் தந்தது. எது மலிவு, எது விலை என்று ஒப்பிடவே வழியில்லாமல் நாங்கள் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ரூபாய்க் கணக்கில் விலைப்பட்டியல் எதையும் இங்கே தரவில்லை. பிளைவுட், பிணைச்சல், லாச்சி ரெயில் எல்லாம் பெரும்பாலும் இறக்குமதிச் சாமான், டொலரோடு ஏறி இறங்கும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று நான் எழுதும் விலை ஆறு மாதத்தில் உங்களைத் தவறாக வழிநடத்தும். விலையை எப்படி ஒப்பிடுவது என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

1. தொடர்மாடி என்றால் முதலில் அனுமதி

தனி வீட்டுக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தொடர்மாடியில் இருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை நாள், வேலைக்கு வருகிற ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். பல கட்டடங்களில் திருப்பித் தரக்கூடிய வைப்புப் பணம் கேட்பார்கள், அதற்குப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். துளைபோடும் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், சனி ஞாயிறு, போயா தினங்களில் வேலை செய்யலாமா, 8 அடிப் பலகை லிஃப்டில் போகுமா, உடைத்த ஓடு, பழைய பலகை எல்லாவற்றையும் யார் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லிஃப்டில் போகாத பலகையைப் படியால் ஏற்றுவதென்றால் தூக்குகூலி தனியாக வரும். அது ஒரு கொட்டேஷனிலும் இருக்காது, வேலை நாளன்று காலையில் கீழே நின்றுகொண்டு கேட்பார்கள்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் எடுங்கள், போகும்போது கபேட்டைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்பதோடு சேர்த்து.

2. உடைக்க முன் உள்ளதைப் பாருங்கள்

காசு மிச்சம் பிடிக்க உண்மையான இடம் இதுதான். கொழும்பின் பழைய வீடுகள் பலவற்றில் குசினியில் கொங்கிரீட் ஸ்லாப் போட்டு, மேலே ஓடு பதித்து, கீழே சுவர் எழுப்பித் தட்டு வைத்திருப்பார்கள். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் தண்ணீருக்கும் கறையானுக்கும் அசையாது. ஸ்லாப் நல்ல நிலையில் இருந்தால் அதை உடைக்காதீர்கள். முன்பக்கத்துக்கு அலுமினியச் சட்டமும் கதவும் மட்டும் போட்டு, மேலே ஓட்டை மாற்றியோ கிரனைட் ஒட்டியோ விட்டால் புதிதாகக் கீழ்ப்பெட்டி செய்கிற முழுச் செலவும் மிச்சம். கடைக்காரர் ‘உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்தால்தான் வடிவாக இருக்கும்’ என்பார். அவருக்கு அது வியாபாரம், சொல்லத்தான் செய்வார்.

பழைய பலகைக் கபேட் இருந்தால் கீழ்ப்பலகையையும் சின்க்குப் பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் பெட்டியை அப்படியே வைத்துக் கதவு, பிணைச்சல் மட்டும் மாற்றலாம்.

மொத்தமாக ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும் என்றும் இல்லை. கீழ்க்கபேட்டை இப்போது செய்து, மேல்க்கபேட்டை அடுத்த வருஷத்துக்கு விடலாம். அப்படிச் செய்வதென்றால் கதவு நிறத்தைச் சாதாரண வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ எடுங்கள். அரிய நிறங்கள் அடுத்த கப்பலில் வராமல் போகலாம்.

ஊரில் அப்பா காலத்துத் தேக்கு, பலாப் பலகை கிடக்கிறது, அதைக் கொண்டுவந்து கபேட் செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் தேக்கு, பலா போன்ற மரங்களை வாகனத்தில் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் வேண்டும். லொறி பேச முன் உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் வழியில் மறிப்பார்கள்.

3. அளவை நீங்களே எடுங்கள்

கடையிலிருந்து இலவசமாக வந்து அளப்பார்கள், அது நல்லது. ஆனாலும் அதற்கு முன் உங்களிடம் உங்கள் அளவு இருக்க வேண்டும். சுவரின் நீளத்தை நிலத்தருகே, இடுப்பு உயரத்தில், தலைக்கு மேலே என மூன்று இடத்தில் எடுங்கள், பழைய சுவர்கள் நேராக இருப்பதில்லை. இருப்பதில் சிறியதை எழுதுங்கள். யன்னலின் கீழ்விளிம்பு, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், பிளக் இருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். தச்சு பாஸ் அடி இஞ்சியில் கதைப்பார், பலகைக் கடை மில்லிமீட்டரில் வெட்டும், ஆகவே இரண்டிலும் எழுதுங்கள். பாஸோடு சிங்களத்தில் சரளமாகக் கதைக்க வராதவர்களுக்கு இந்தப் படம் இன்னும் முக்கியம். படத்தில் உள்ள இலக்கம் யாருக்கும் விளங்கும்.

வழக்கமான அளவுகள் இவை: கீழ்க்கபேட், மேலே வரும் கிரனைட் மேல்தட்டோடு சேர்த்து, 34 முதல் 36 இஞ்சி உயரம், மேல்தட்டு 24 இஞ்சி ஆழம், மேல்க்கபேட் 12 முதல் 14 இஞ்சி ஆழம், இரண்டுக்கும் இடைவெளி 18 முதல் 20 இஞ்சி. அடுப்புக்கு மேலே மட்டும் 26 முதல் 30 இஞ்சி விடுங்கள். ஆனால் 36 இஞ்சி என்பது எல்லோருக்கும் சரிவராது. அன்றாடம் சமைக்கிறவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு நான்கைந்து இஞ்சி கீழே மேல்தட்டு வர வேண்டும். அம்மா ஐந்தடிக்குக் குறைவென்றால் 33 கூடப் போதும். ஷோரூம் அளவை அப்படியே போட்டால் பிறகு தோள்பட்டை நோகிறது என்பார்கள்.

நம்முடைய சமையலுக்கென்று சில விஷயங்கள் உண்டு. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்கு அவை தெரியாது. மேசையில் பூட்டுகிற தேங்காய்த் திருவலை வைத்திருக்கிறீர்கள் என்றால் மேல்தட்டு கபேட்டின் முகத்திலிருந்து ஓர் இஞ்சிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதன் கீழே பிடிப்பதற்கு இடமும் வேண்டும். திருவலையைக் கையில் கொண்டுபோய் பாஸுக்குக் காட்டுங்கள். ரைஸ் குக்கரை மேல்க்கபேட்டுக்கு நேர்கீழே வைத்தால் தினமும் அந்த ஆவி கபேட்டின் அடிப்பலகையில்தான் அடிக்கும். இடியப்பம், புட்டு அவிக்கிற அடுப்புக்கும் இதே கதை. ஓரம் முதலில் கறுத்து, பிறகு ஊதும். குக்கருக்கு மேலே திறந்த வெளி இருக்கிற மாதிரி இடம் ஒதுக்குங்கள். அரிசி வாளி, மா டின், கிரைண்டர், பெரிய தாச்சி நான்கையும் அளந்து, எது எந்தத் தட்டில் போகும் என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

4. பலகை: இதில் ஏமாறாதீர்கள்

சந்தையில் உங்களுக்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் ஐந்து வகை.

சிப்போர்ட் மெலமைன்தான் மலிவு. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் மரத்தூள் கட்டி கட்டியாகத் தெரியும். தண்ணீர் பட்டால் ஊதும், ஒருமுறை கழன்ற ஸ்குரூ அதே ஓட்டையில் திரும்பப் பிடிக்காது. மேல்க்கபேட்டுக்கு, அதுவும் அடுப்பிலிருந்து தள்ளியிருந்தால், ஓரளவுக்குச் சரி. கீழே வேண்டாம்.

சாதாரண எம்.டி.எஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, கதவுக்கு வடிவு, வழவழப்பாக நிறம் பிடிக்கும். பெட்டிக்கு எடுத்தால் ஈரத்தில் சிப்போர்ட் மாதிரியே ஊதும்.

எச்.எம்.ஆர் என்பது ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும் எம்.டி.எஃப். உள்ளே பச்சையாக இருக்கும். இங்கே கவனமாக இருங்கள்: பச்சை என்பது வெறும் சாயம், பச்சையாக இருப்பதாலேயே அது நல்ல எச்.எம்.ஆர் ஆகிவிடாது. அதோடு ஈரத்தைத் தாங்கும் என்பதற்கு நனையாது என்று அர்த்தமும் இல்லை, தண்ணீர் தேங்கி நின்றால் இதுவும் கெடும்.

பிளைவுட்டில் கடைக்காரர் ‘வோட்டர்புரூஃப்’ என்று பொதுவாகச் சொல்வார். எம்.ஆர் தரம் என்றால் காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். சின்க்குக்குக் கீழே வேண்டியது கொதிநீரைத் தாங்கும் பசை போட்ட மரைன் பிளை, பி.டபிள்யூ.பி என்று பலகையிலேயே அச்சடித்திருக்கும். தடிப்பையும் அளந்து பாருங்கள், 18 மில்லிமீட்டர் என்று சொல்லி 16 தருவது உண்டு.

அலுமினியம், கிளாடிங் (அலுமினியத் தகடு ஒட்டிய மெல்லிய பலகை) கதவோடு. தண்ணீர், கறையான் இரண்டுக்கும் பயமில்லை, பட்ஜெட் வேலைக்கு நல்ல தெரிவு. நிலமட்ட வீடென்றால், முக்கியமாக ஏற்கெனவே கறையான் வந்த வீடென்றால், நான் இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால் சட்டக் குழாயின் உள்ளே வெறுமை, அதில் கரப்பான் குடியேறும். திறந்திருக்கிற ஒவ்வொரு முனையையும் மூடியாலோ சிலிக்கனாலோ அடைக்கச் சொல்லிக் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். மெல்லிய சட்டம் கொஞ்ச நாளில் ஆடும், ஆகவே கடையில் உள்ள மாதிரிக் கதவைத் திறந்து வைத்து மெதுவாகக் கீழே அழுத்திப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு நான் தெரிந்தெடுத்தது கலவை: சின்க்குக்குக் கீழே உள்ள பெட்டி மட்டும் மரைன் பிளை, மற்றக் கீழ்ப்பெட்டிகள் எச்.எம்.ஆர், மேலே சிப்போர்ட் மெலமைன். ஒரே பலகையில் முழுவதையும் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் நீங்கள் கேட்காமல் ஒருவரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு, தீப்பெட்டி அளவு போதும், ஒவ்வொரு வகையிலும் ஒன்று கேட்டு வாங்குங்கள். பென்சிலால் பெயர் எழுதி, தடிப்பை அளந்து குறித்துவிட்டு, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் எடுத்துத் திரும்ப அளங்கள். சிப்போர்ட் துண்டின் ஓரம் பிஸ்கட் போலப் பொரிந்து விரலோடு வரும், நல்ல எச்.எம்.ஆர் மிகக் கொஞ்சமாகத்தான் தடிக்கும். மரைன் பிளை என்று தந்த துண்டை அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள், தாள் தாளாகப் பிரிந்தால் அது மரைன் பிளை இல்லை. துண்டு தரத் தயங்குகிற கடையில் வேலை கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஓரம். பலகை கெடுவது முகத்தால் அல்ல, ஓரத்தால். வெட்டிய நான்கு ஓரமும் பி.வி.சி பட்டியால் மூடியிருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அடி ஓரமும் பின் ஓரமும் உட்பட. மெஷினில் ஒட்டிய பட்டி நகத்தால் சுரண்டினால் அசையாது. கையால் ஒட்டியதில் நகம் உள்ளே போகும். சின்க்குக்காக வெட்டுகிற துளையின் ஓரம், குழாய் போகிற ஓட்டையின் ஓரம் இரண்டுக்கும் சிலிக்கன் பூசச் சொல்லுங்கள். இதற்குச் செலவு மிகக் கொஞ்சம், பலன் பெரிது.

பெட்டி நிலத்தில் நேரடியாக உட்காரக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் குசினியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஆட்கள். 4 இஞ்சி பிளாஸ்டிக் கால்களில் நிற்க வைத்து, முன்னால் கழற்றி மாட்டக்கூடிய அடிப்பட்டி போட்டால் கழுவவும் சுலபம், பலகையும் தப்பும்.

5. பிணைச்சலும் ரெயிலும்

கடற்கரைப் பக்கத்துக்காரர்கள், அதாவது மரைன் டிரைவ் ஓரம், தெஹிவளை, கல்கிசைப் பக்கம் இருப்பவர்கள், பிணைச்சலை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். உப்புக்காற்றில் சாதாரண இரும்புப் பிணைச்சல் சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சொஃப்ட் குளோஸ் (கதவை மெதுவாகத் தானே மூடும்) பிணைச்சல் கிடைக்கிறது, விலை கூட. எல்லாக் கதவுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் சின்க், அடுப்பு, யன்னல் பக்கக் கதவுகளுக்காவது அதைப் போடுங்கள். ஹெட்டிச், புளும் மாதிரிப் பெயர் கொட்டேஷனில் இருந்தால், வந்த சாமானில் அதே பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக உண்டு. பிணைச்சல், கைபிடி, ரெயில் விலையை அங்கே விசாரித்துவிட்டு பிறகு கபேட் கடைக்குப் போங்கள். பாஸிடம் செய்விப்பதென்றால் இவற்றை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது, ஆனால் கதவு பெட்டியின் பக்கப்பலகையை முழுக்க மூடுமா, பாதி மூடுமா, உள்ளே உட்காருமா என்று அவரிடம் கேட்டு அதற்குரிய பிணைச்சலை வாங்க வேண்டும். மாறி வாங்கினால் பூட்டவே வராது.

லாச்சி ஒவ்வொன்றும் கதவை விடச் செலவு கூடியது. ஒரு குசினிக்கு மூன்று லாச்சி தாராளம்: கரண்டிக்கு ஒன்று, தூள் போத்தல்களுக்கு ஒன்று, பெரிய பாத்திரத்துக்கு ஆழமாக ஒன்று. மூலைக்குள் சுழலும் தட்டு, இழுத்தால் வெளியே வரும் கம்பிக்கூடை எல்லாம் ஷோரூமில் ஆசை காட்டும். பட்ஜெட் வேலை என்றால் விட்டுவிடுங்கள்.

6. கொட்டேஷனை ஒப்பிடுவது

குறைந்தது மூன்று இடத்தில் எடுங்கள்: ஒரு ஷோரூம், மொறட்டுவைப் பக்கம் ஒரு பட்டறை, தெரிந்தவர் மூலம் வந்த ஒரு பாஸ். மூன்று பேருக்கும் ஒரே படத்தை, ஒரே பலகை விவரத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடே கிடையாது.

ஓடும் அடிக்கணக்கில் பெரிய பொறி மூலைதான். எல் வடிவக் குசினி, ஒரு சுவர் 9 அடி, மற்றது 7 அடி என்று வையுங்கள். கூட்டினால் 16. ஆனால் மூலையில் உள்ள 2 அடி இரண்டு பக்கத்திலும் எண்ணப்பட்டிருக்கிறது, உண்மையான நீளம் 14. இதைக் கேட்காமல் விட்டால் எட்டில் ஒரு பங்கு காசு சும்மா போகும். மூலையை ஒருமுறைதான் எண்ண வேண்டும் என்று பேசி, எழுதி எடுங்கள். அடுப்பும் சிலிண்டரும் வைக்கிற வெற்றிடத்தையும் முழு அடியாகக் கணக்கிடுகிறார்களா என்று பாருங்கள். ‘அடிக்கு இவ்வளவு’ என்பது மேலும் கீழும் சேர்த்தா, தனித்தனியா என்பது அடுத்த கேள்வி.

சதுர அடிக்கணக்கு என்றால் முகத்தின் பரப்பை எடுப்பார்கள். 10 அடி நீளம், கீழே இரண்டரை அடி உயரம் என்றால் 25, மேலே 2 அடி உயரம் என்றால் 20, ஆக 45 சதுர அடி. ஓடும் அடி விலையை இதோடு ஒப்பிட ஒரே வழி, இரண்டையும் உங்கள் குசினிக்கு மொத்தத் தொகையாக மாற்றி அருகருகே வைப்பதுதான். அடி விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பிறகு வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். ஐந்து இலட்சத்துக்கு 90,000 ரூபாய் அது. வாயால் சொன்ன விலையில் வற் சேர்ந்திருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். வற் அறவிடுகிறவர் என்றால் பில்லில் அவருடைய வற் பதிவு இலக்கம் இருக்க வேண்டும்.

கொட்டேஷனில் பெரும்பாலும் சேராமல் விடப்படுபவை: கிரனைட், அதில் சின்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டுகிற கூலி, பழைய கபேட்டைக் கழற்றுவது, ஏற்றி இறக்குவது, கரையில் தெரியும் பக்கப்பலகை, அடிப்பட்டி, கைபிடி. ஒவ்வொன்றாகக் கேட்டு, ‘சேரும்’ அல்லது ‘சேராது’ என்று எழுதிவிக்க வேண்டும். கிரனைட் கல் மட்டுமே கபேட் காசில் பெரிய பங்கு அளவுக்குப் போகும், அதை மறந்துவிட்டுப் பட்ஜெட் போடாதீர்கள்.

கீழே உள்ளதை அப்படியே எழுதிக்கொண்டு போய், இந்த மாதிரித் தாருங்கள் என்று கேளுங்கள்:

கீழ்ப்பெட்டி: என்ன பலகை, என்ன தரம், எத்தனை மில்லிமீட்டர். பின்பலகை: என்ன, எத்தனை மில்லிமீட்டர். கதவு: என்ன பலகை, என்ன பூச்சு, நிற இலக்கம். ஓரப்பட்டி: நான்கு ஓரமுமா, மெஷினிலா. பிணைச்சல்: பெயர், எத்தனை. லாச்சி ரெயில்: பெயர், நீளம், எத்தனை. கால்கள், அடிப்பட்டி. மொத்தம், வற் சேர்த்து. முடித்துத் தரும் திகதி. உத்தரவாதம் எதற்கு, எவ்வளவு காலம்.

பின்பலகையைத் தனியாகக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதை 3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டில் போட்டுவிடுவார்கள், சுவர் ஈரம் அதைத்தான் முதலில் பிடிக்கும். உத்தரவாதத்தில் ‘தண்ணீரால் வரும் சேதம் சேராது’ என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். குசினிக் கபேட்டுக்கு அந்த வரி இருந்தால் உத்தரவாதத்தில் பாதி போன மாதிரி.

கொட்டேஷன் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோதான் வரும். விளங்காத வரி ஒன்று இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடமோ தெரிந்தவர்களிடமோ வாசித்துக் கேட்டுவிட்டு மறுநாள் போகலாம், விலை ஓடிவிடாது.

7. அட்வான்ஸும் காலமும்

பாதிக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். 40 வீதம் ஓடருக்கு, 40 வீதம் பெட்டிகள் வீட்டுக்கு வந்து நீங்கள் பலகையைப் பார்த்த பிறகு, மிச்சம் 20 வீதம் கதவெல்லாம் பூட்டி முடிந்த பிறகு, இப்படிப் பேசிப் பாருங்கள். கடைசிப் பங்கில் கொஞ்சத்தையாவது இரண்டு வாரம் வைத்திருக்க முடிந்தால் நல்லது, கதவு சரிவது அந்த இரண்டு வாரத்தில்தான் தெரியும். பாஸ் என்றால் பலகையை உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் அவருக்குப் பங்கு பங்காகக் கொடுங்கள். அவருடைய அடையாள அட்டைப் பிரதி ஒன்றும் வாங்குங்கள். காசை முடிந்தவரை வங்கி மூலம் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு.

அட்வான்ஸ் கொடுக்கும் அன்று செய்ய வேண்டிய முக்கியமான வேலை: பலகைத் துண்டு ஒன்று, கதவுத் துண்டு ஒன்று, இரண்டின் பின்பக்கத்திலும் கடைக்காரரின் கையெழுத்தும் திகதியும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எங்களுக்கு எழுதித் தந்தது எச்.எம்.ஆர், வந்து இறங்கியதில் சில பெட்டிகள் சாதாரண மெலமைன். ‘எல்லாம் ஒன்றுதான் மிஸ்’ என்றார்கள். கையெழுத்துப் போட்ட துண்டைப் பக்கத்தில் வைத்து ஓரத்தைக் காட்டியதும் பேச்சு முடிந்தது, பெட்டிகளை மாற்றித் தந்தார்கள். அந்தத் துண்டு இல்லாமல் அன்று நான் என்ன கத்தியிருந்தாலும் நடந்திருக்காது.

காலத்தைப் பொறுத்தவரை நான்கு முதல் ஆறு வாரம் என்பார்கள், இரண்டு வாரம் கூட்டி வையுங்கள். ஏப்ரலில் புத்தாண்டுக்குப் பாஸ்மார் ஊருக்குப் போனால் மாத முடிவு வரை எதிர்பார்க்க முடியாது. வெசாக், நத்தார் நேரமும் அப்படித்தான். தீபாவளிக்கு முன் குசினி முடிய வேண்டுமென்றால் ஓகஸ்டிலேயே ஓடர் கொடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் பலகை ஏற்றிவரும் லொறிக்குப் படங்கு போடச் சொல்லித் தனியாக ஞாபகப்படுத்துங்கள். நனைந்து வந்த பலகையை இறக்க விடாதீர்கள்.

8. வேலை வரிசையும் காஸும்

முதலில் குழாய், பிறகு வயரிங், பிறகு ஓடு, அதற்குப் பிறகுதான் கபேட். 13 அம்பியர் பிளக் எத்தனை வேண்டும் என்று இப்போதே எண்ணுங்கள், குக்கர், கிரைண்டர், கேத்தல், பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும். கீழ்க்கபேட் பூட்டிய பிறகு கிரனைட்காரர் வந்து அளப்பார், அதன் பின் கல் வர இன்னும் சில நாள். அந்த இடைவெளியில் எங்கே சமைப்பது என்று யோசித்து வையுங்கள்.

மேல்க்கபேட்டைப் பூட்டும் சுவர் என்ன சுவர் என்று பாஸிடம் கேளுங்கள். பழைய வீட்டுக் கபொக் கல் சுவரும், தொடர்மாடிகளில் அறைகளைப் பிரிக்கும் உள்வெறுமைக் கல் சுவரும் ஸ்குரூவுக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கைப் பிடிக்காது. அதற்குரிய நீள ஆணி, அல்லது முழு நீளத்துக்கும் ஒரு பட்டி பூட்டி அதில் தொங்க விடுவது பாதுகாப்பு. பீங்கான் நிறைந்த கபேட் விழுந்தால் ஆள் தப்புவது கஷ்டம்.

காஸ் சிலிண்டரை மூடிய கபேட்டுக்குள் வைக்காதீர்கள். இயலுமானால் வெளியே வைத்துக் குழாயால் கொண்டுவாருங்கள். 12.5 கிலோ சிலிண்டரை உள்ளேதான் வைக்க வேண்டிய நிலை என்றால், கதவின் கீழ்ப்பகுதியில் காற்றோட்டத் துளை கட்டாயம் வேண்டும். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் மேலே போகாது, அடியில் தேங்கும். மேலே மட்டும் அழகுக்கு இரண்டு துளை போட்டுப் பயனில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடித்த செய்திகளைப் பார்த்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெட்டிக்குள் பிளக்கோ சுவிட்சோ வைக்கவும் கூடாது.

9. கடைசிக் காசுக்கு முன்

ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுங்கள், இடைவெளி நேராக இருக்கிறதா பாருங்கள். லாச்சியில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து இழுங்கள். சின்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, டோர்ச்சோடு கீழே குனிந்து மூட்டுகளைக் கையால் தடவுங்கள், கடதாசித் துவாயில் ஈரம் பட்டாலே பாஸைக் கூப்பிடுங்கள். அடிப்பட்டியைக் கழற்றிக் கால்கள் எல்லாம் நிலத்தில் முட்டுகின்றனவா என்று பாருங்கள். அதே நிறத்தில் ஓரப்பட்டி ஒரு மீட்டரும் இரண்டு பிணைச்சலும் மேலதிகமாகக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள்.

சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்று ஆகி, கடை கதைக்கவும் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கொட்டேஷன், பற்றுச்சீட்டுகள், வாட்ஸ்அப்பில் கதைத்தவை, கையெழுத்துப் போட்ட பலகைத் துண்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அந்த மூன்று மாதமாவது எறியாமல் வைத்திருங்கள்.